கவுண்டரில் கேட்கத் தெரிந்து கேளுங்கள்: விமானத் தாமதம், ரத்து, காணாமல் போகும் பெட்டி

எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் செய்தி சுற்றி வந்துவிடும். விமானம் 3 மணி நேரம் தாமதமானால் 600 யூரோ உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று. அனுப்புவது பெரும்பாலும் மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் எங்கள் சித்தப்பாதான். ஒரு முறை அவருடைய திருச்சி விமானம் நாலு மணி நேரம் தள்ளிப் போனபோது, அதே செய்தியைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார். யூரோவும் வரவில்லை, நம் வெள்ளியும் (ரிங்கிட்) வரவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா, "சாப்பாட்டு வவுச்சர் எங்கே தருகிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, வாங்கி, பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாவுக்கும் அந்த வவுச்சர் உரியதுதான். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது, தெரியாததைக் கேட்கவும் முடியாது.

அந்த 600 யூரோ பொய்யில்லை. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261 எண் விதி, தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும், வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஐரோப்பிய நிறுவனங்களின் விமானத்துக்கும் அது பொருந்தும். உங்கள் மகள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும்போது விமானம் தாமதமானால் தாராளமாகக் கேட்கட்டும். நீங்கள் கே.எல். என்னும் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கோ, பினாங்கிலிருந்து லங்காவிக்கோ போகும்போது அதைக் காட்டினால் கவுண்டரில் இருப்பவர் பாவம், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்பார்.

நமக்கென்று ஒரு விதிமுறை இருக்கிறது. 2016-இல் மாவ்கோம் என்ற விமானப் போக்குவரத்து ஆணையம் தொடங்கியபோது, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறை. 2019-இலும் 2024-இலும் அதைத் திருத்தினார்கள். 2025 ஆகஸ்டு 1 முதல் மாவ்கோம் தனியாக இல்லை, சி.ஏ.ஏ.எம். எனப்படும் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைந்துவிட்டது. ஆகவே யாராவது "மாவ்கோமில் போய்ப் புகார் செய்" என்று சொன்னால் அது பழைய முகவரி. ஆள் மாறினாலும் விதிமுறை போய்விடவில்லை. மலேசிய நிறுவனங்களுக்கு மட்டுமல்ல, இங்கே வந்து போகும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் அது உண்டு.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நம் விதிமுறையில் தாமதத்துக்கு இவ்வளவு வெள்ளி நஷ்டஈடு என்ற கணக்கே கிடையாது. காத்திருக்கும் நேரத்தில் உங்களைப் பார்த்துக்கொள்வது, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பு, போகவில்லை என்றால் உங்கள் பணம் உங்களுக்கே திரும்புவது, இந்த மூன்றும்தான் கிடைக்கும். கேட்கச் சின்னதாக இருக்கலாம். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு இரண்டு பிள்ளைகளோடும் சர்க்கரை வியாதிக்கார மாமியாரோடும் கேட் வாசலில் உட்கார்ந்து பாருங்கள், சாப்பாடும் படுக்கையும் சின்ன விஷயமில்லை என்று தெரியும்.

இரண்டு மணி, ஐந்து மணி

இந்த இரண்டு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தாமதம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ போனால் சாப்பாடு, தொலைபேசி அழைப்பு, இணைய வசதி. 5 மணி நேரம் அல்லது அதற்கு மேல் போய், இரவு தங்க வேண்டி வந்தால் ஹோட்டல் அறையும், விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் போய்வர வாகனமும். 2024 செப்டம்பர் 2-ஆம் தேதியிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: 5 மணி நேரத் தாமதம் என்றால் "எனக்கு இந்தப் பயணமே வேண்டாம்" என்று சொல்லி முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். அதற்கு முன்பு ரத்தானால்தான் பணம், தாமதம் என்றால் காத்திருக்க வேண்டியதுதான் என்று விரட்டினார்கள். பத்து மணி நேரம் தள்ளிப் போட்டுவிட்டு, "இது ரத்து இல்லை சார், தாமதம்தான்" என்று சொன்னதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். தாமதத்தை ஒரேயடியாக ஐந்து மணி நேரம் என்று அறிவிக்க மாட்டார்கள். முதலில் நாற்பது நிமிடம், பிறகு ஒன்றரை மணி நேரம், பிறகு "அடுத்த அறிவிப்பு வரை" என்று பலகையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை நேரம் மாறும்போதும் அந்தப் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், பக்கத்துச் சுவர்க் கடிகாரமும் சேர்ந்து விழுந்தால் இன்னும் நல்லது. நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தியையும் அழிக்காதீர்கள். பின்னால் புகார் எழுதும்போது, எங்கள் கணக்கில் ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம்தான் தாமதம் என்று பதில் வந்தால் அந்தப் படம்தான் பேசும்.

கவுண்டரில் எப்படிக் கேட்பது? "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால் "காத்திருங்கள்" என்றுதான் பதில் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள். "இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது, சாப்பாட்டு வவுச்சர் எங்கே?" "ஐந்து மணி நேரம் தாண்டுகிறது, இன்றைக்கு இரவு ஹோட்டல் யார் ஏற்பாடு செய்கிறார்கள்?" "தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் தர முடியுமா?" மலாயிலோ ஆங்கிலத்திலோ, எதில் உங்களுக்கு வாய் வருமோ அதில். கேட்டவுடன் தரவில்லை என்றால், கவுண்டரில் இருக்கும் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் அவர்கள் விமான நிறுவன ஊழியர்கள்கூட இல்லை, தரைச் சேவைக் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள், முடிவெடுக்கும் அதிகாரம் இருக்காது. டியூட்டி மேனேஜர் யார் என்று கேளுங்கள். அவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வவுச்சர் வரவே இல்லை, பசி தாங்கவில்லை, நீங்களே காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரசீதை வைத்திருங்கள். அதைக் காட்டிக் கேட்கலாம், நியாயமான செலவு என்றால் பெரும்பாலும் பேச்சு ஓடும். நாசி லெமாக்கும் தே தாரேக்கும் நியாயம். சித்தப்பா மாதிரி நாலு பேருக்கு இறால் சம்பல், நண்டு வறுவல் என்று அடித்துவிட்டு ரசீதைக் கொண்டுபோனால் உள்ளதும் போய்விடும்.

ரத்து என்றால் அவசரப்பட்டுப் பணத்தை வாங்காதீர்கள்

ரத்து செய்தாலோ, இருக்கையைக் கூடுதலாக விற்றுவிட்டு உங்களை ஏற்றாமல் விட்டாலோ, தேர்வு உங்கள் கையில். முழுப் பணத்தைத் திரும்ப வாங்கலாம், அல்லது வேறு விமானத்தில் அனுப்பச் சொல்லலாம். காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, ஹோட்டல் எல்லாம் மேலே சொன்ன கணக்கில்.

பணம் என்றதும் நமக்குக் கை தானாக நீளும். கொஞ்சம் பொறுங்கள். பணத்தை வாங்கிய நிமிடத்தோடு அந்த நிறுவனத்துக்கும் உங்களுக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். தீபாவளிக்கு நாலு நாள் முன்பு ரத்தானால், நீங்கள் ஆறு மாதத்துக்கு முன் 400 வெள்ளிக்கு வாங்கிய டிக்கெட்டின் பணம் திரும்பக் கிடைக்கும், அன்றைக்கு அதே பயணத்துக்கு விலை ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். வித்தியாசத்தை யாரும் தர மாட்டார்கள். கட்டாயம் போக வேண்டிய பயணம் என்றால் வேறு விமானத்தைக் கேளுங்கள், கல்யாணம், சாவு என்றால் காரணத்தையும் சொல்லுங்கள், மனிதர்கள்தானே. போனாலும் போகலாம் போகாவிட்டாலும் பரவாயில்லை என்ற சுற்றுலாவுக்குப் பணத்தை வாங்கிவிடுங்கள்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. செயலியைத் திறந்ததும் பெரிய எழுத்தில், பளிச்சென்ற நிறத்தில், "கிரெடிட் கணக்காகப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒரு பொத்தான் இருக்கும், அதாவது பணம் கைக்கு வராமல் அந்த நிறுவனத்திலேயே உங்கள் பெயரில் வரவாக நிற்கும். பணமாகத் திரும்பும் வழி அதற்குக் கீழே எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். அவசரத்தில் மேலே உள்ளதைத் தட்டிவிட்டால், நீங்களாகவே சம்மதித்ததாக ஆகிவிடும். விதிமுறைப்படி, நீங்கள் எந்த வழியில் கட்டினீர்களோ அதே வழியில், 30 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். கார்டில் கட்டியிருந்தால் கார்டுக்கே. எந்தப் பொத்தானையும் அழுத்தும் முன் திரையைப் படம் பிடியுங்கள்.

நீங்களாகவே போகாமல் விட்ட மலிவு டிக்கெட்டுக்குக் கட்டணம் திரும்பாது, அது தெரிந்ததே. ஆனால் அதில் விமான நிலையச் சேவைக் கட்டணமும் வரிகளும் தனியே எழுதியிருக்கும், பாருங்கள். நீங்கள் விமான நிலையத்தைப் பயன்படுத்தவே இல்லை என்னும்போது அது திரும்பக் கேட்கக்கூடிய பணம். ஓர் ஆளுக்குப் பெரிய தொகையில்லை, ஐந்து பேர் போக வேண்டிய பயணத்தை ரத்து செய்தால் ஒரு மாத மின்கட்டணம் வரும். கேட்காதவர்களே அதிகம்.

பினாங்குக்காரர்கள் அடிக்கடி விழும் குழி

நான் பிறந்தது பட்டர்வொர்த், பிழைப்பு கே.எல்.-இல். அதனால் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பினாங்கிலிருந்து திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டியவர்கள், பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து கே.எல்.-க்கு ஒரு நிறுவனத்தில் 89 வெள்ளிக்கு ஒரு டிக்கெட், கே.எல்.-இலிருந்து இந்தியாவுக்கு இன்னொரு நிறுவனத்தில் வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்குவார்கள். மொத்தத்தில் நூறு வெள்ளி மிச்சம். முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமானால் இரண்டாவது போய்விடும். அப்போது இரண்டு நிறுவனமும் கையை விரிக்கும், அப்படி விரிக்க அவர்களுக்கு இடமும் இருக்கிறது. முதல் நிறுவனம் உங்களைக் கே.எல்.-இல் கொண்டுவந்து சேர்த்துவிட்டது, இரண்டாவதன் பார்வையில் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி. ஒரே முன்பதிவு எண்ணில் இரண்டு பயணமும் இருந்தால்தான் இடையில் தவறியதற்கு நிறுவனம் பொறுப்பேற்று அடுத்ததில் ஏற்றிவிடும்.

சரி, தனித்தனியாகத்தான் வாங்குவேன் என்றால் இடையில் குறைந்தது நாலைந்து மணி நேரம் விடுங்கள், அல்லது முந்தின நாளே வந்து அக்கா வீட்டில் படுத்துவிட்டுப் போங்கள். பெட்டியை வெளியே எடுத்து மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அதோடு முனையம். கே.எல்.ஐ.ஏ. எனப்படும் கே.எல். விமான நிலையத்தின் முனையம் 1-உம் முனையம் 2-உம் ஒரே கட்டடம் இல்லை. நடந்து போக முடியாது. ரயிலில் மூன்று நிமிடம், 2 வெள்ளி, இலவசப் பேருந்தும் உண்டு. ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு இறங்கி, காத்திருந்து, ஏறி, இறங்கி, மறுபடி மேலே வந்து கவுண்டரைத் தேடினால் நாற்பது நிமிடம் காலி. ஏர் ஏசியா 2-இல், மலேசியா ஏர்லைன்ஸும் பாத்தேக் ஏரும் 1-இல். கே.எல். சென்ட்ரலில் 55 வெள்ளி கொடுத்து எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறி 28 நிமிடத்தில் கம்பீரமாக முனையம் 1-இல் இறங்கிவிட்டு, டிக்கெட்டை எடுத்துப் பார்த்து முழித்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர்.

நீங்கள் தாமதமாக வந்தால் எந்த விதிமுறையும் காப்பாற்றாது. செக்-இன் கவுண்டர் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். பினாங்குப் பாலத்தில் நெரிசல், ஃபெடரல் ஹைவேயில் மழை, எல்லாம் நம் பாடு.

ஏ/எல், ஏ/பி

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இது புரியாது, நமக்கு மட்டுமே உள்ள தலைவலி. கடப்பிதழில் (பாஸ்போர்ட்) நம் பெயர் அப்பா பெயரோடு ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று ஒரே வரியில் இருக்கும், குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. விமான நிறுவனத்தின் பக்கமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும், சாய்கோட்டை ஏற்காது. ஒருவர் ஏஎல் என்று ஒட்டிப் போடுவார், இன்னொருவர் விட்டுவிடுவார், மூன்றாமவர் அப்பா பெயரை முதல் பெட்டியில் போடுவார். பிறகு இந்திய இ-விசாவில் வேறு மாதிரி. செக்-இன் கவுண்டரில் இருப்பவர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

நான் செய்வது: கடப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் பெயர் ஒரு பெட்டியிலும் அப்பா பெயர் குடும்பப் பெயர்ப் பெட்டியிலும், எழுத்துக்கு எழுத்து அப்படியே. விசா விண்ணப்பத்திலும் அதே முறை. ஏ/எல், ஏ/பி-யை எப்படிப் போட வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ரொம்ப முக்கியம், டிக்கெட் வாங்கிய அன்றைக்கே உறுதிக் கடிதத்தைத் திறந்து படியுங்கள். எழுத்துப் பிழையை அன்றைக்கே சொன்னால் சரி செய்வது சுலபம், பறக்கும் நாளில் சொன்னால் கட்டணம், சில நேரம் புது டிக்கெட். கே.எல்.-இலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எங்கள் பெரியம்மா ஒருவர் பெயரில் ஓர் எழுத்து கூடிப்போய், அதைச் சரி செய்யவே ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அவருக்கு இரத்த அழுத்தம் வேறு.

கூடவே கடப்பிதழ் காலாவதியாக இன்னும் ஆறு மாதம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கவுண்டரிலேயே நிறுத்துவார்கள், அது அவர்கள் ஏற்றாமல் விட்டதாகக் கணக்கில் வராது, உங்கள் ஆவணக் குறை. பணமும் போகும். இந்தியாவிலிருந்து உறவுக்காரர்கள் இங்கே வருவதாக இருந்தால் டிஜிட்டல் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பச் சொல்லுங்கள். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கும் இணையப் பக்கம் என்றால் அது அரசாங்கத்தின் பக்கம் இல்லை.

பெட்டி வரவில்லை

பட்டை சுற்றிச் சுற்றி வருகிறது, எல்லாருடைய பெட்டியும் வந்துவிட்டது, உங்களுடையது மட்டும் இல்லை. கடைசியில் யாரோ விட்டுப்போன நீலப் பெட்டி ஒன்றே அனாதையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் செய்யக்கூடாத ஒன்று, வீட்டுக்குப் போய் நாளைக்குப் போன் செய்துகொள்ளலாம் என்று வெளியே வந்துவிடுவது. சுங்கத்தைத் தாண்டும் முன்பே பெட்டிச் சேவைக் கவுண்டருக்குப் போய்ப் புகார் படிவம் எழுதுங்கள். பி.ஐ.ஆர். என்பார்கள். அதில் ஓர் எண் தருவார்கள், அந்த எண்தான் இனி உங்கள் பெட்டிக்குப் பெயர். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தந்த அந்தச் சின்ன பார்கோடு ஒட்டு இருக்கிறதே, நாம் கசக்கிப் போடுவது, அதை அப்போது கேட்பார்கள்.

அனைத்துலகப் பயணத்தில் பெட்டிக்கு மோன்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும், மலேசியாவும் இந்தியாவும் இரண்டுமே அதில் இருக்கின்றன. அதில் நாள் கணக்கு கறாரானது. பெட்டி உடைந்து வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார். தாமதமாக வந்து சேர்ந்தால், சேர்ந்த நாளிலிருந்து 21 நாளுக்குள். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வரவில்லை என்றால் அது தொலைந்ததாகவே கணக்கு. வழக்கு என்று போனால் 2 வருடத்துக்குள். கவுண்டரில் வாயால் சொன்னது, போனில் சொன்னது எதுவும் செல்லாது. மின்னஞ்சல் அனுப்புங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். அது பன்னாட்டு நிதியத்தின் கணக்குப் பணம், மாற்று விகிதத்தைப் பொறுத்து எட்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி வரும். இது உச்சவரம்புதான், பெட்டி தொலைந்த எல்லாருக்கும் தூக்கிக் கொடுக்கும் தொகை இல்லை. உள்ளே என்ன இருந்தது, அதன் மதிப்பு என்ன என்று நீங்கள் காட்ட வேண்டும். காஞ்சிபுரத்தில் வாங்கிய நாலு பட்டுப்புடவைக்குக் கடை ரசீது இருந்தால் பேச்சு வேறு, இல்லையென்றால் பழைய துணி என்று மதிப்பு போடுவார்கள். எனக்கு அப்படி நடந்தது. தங்கை கல்யாணச் சேலை உள்ளே இருந்த பெட்டி மூன்று நாள் கழித்து வந்தது, கல்யாணம் இரண்டாவது நாளே முடிந்துவிட்டது. மாற்றுத் துணி, செருப்பு, பல்துலக்கும் சாமான் என்று நான் வாங்கியவற்றின் ரசீதுகளை வைத்திருந்ததால் அந்தப் பணம் திரும்பியது. கல்யாணப் படத்தில் நான் பக்கத்து வீட்டு அக்காவின் சேலையில் நிற்கிறேன், அதற்கு எந்த உடன்படிக்கையும் இல்லை.

அன்றிலிருந்து பெட்டியை மூடும் முன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்துவிடுகிறேன், வெளியே நாலு பக்கமும் படம், முகூர்த்தச் சேலை எப்போதும் கைப்பையில். நகை, ரொக்கம், மருந்து, கடப்பிதழ் எதுவும் கீழே போகும் பெட்டியில் கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-அவர் வரை தொந்தரவில்லை, கடையில் விற்கும் 20,000 எம்.ஏ.எச். சாதாரணமாக 74 தான் வரும். ஆனால் இப்போது மலேசிய நிறுவனங்கள் பறக்கும்போது அதில் சார்ஜ் போடவிடுவதில்லை. நெய் என்பது திரவம், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது. இந்தியாவிலிருந்து திரும்பும்போது கோயிலில் கொடுத்த கொப்பரைத் தேங்காயைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று தடை செய்திருக்கிறார்கள், எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள்.

வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கும்போதே குறித்துவிடுங்கள், மறந்திருந்தால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லுங்கள். முனையம் 2-இல் சில கேட்டுகள் இருக்கும் தூரத்துக்கு நல்ல முட்டிக்காரர்களுக்கே மூச்சு வாங்கும்.

இந்தியாவிலிருந்து திரும்பும்போது

திருச்சியிலோ சென்னையிலோ மாட்டிக்கொண்டால் அங்கே இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ.-வின் விதிகள். அங்கே பணக் கணக்கு இருக்கிறது. இந்திய நிறுவனம் உரிய காலத்தில் முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், 2 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. புயல், வேலைநிறுத்தம் மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் கிடையாது. புகாருக்கு ஏர்சேவா என்ற அரசாங்கத் தளம் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை.

புகார் எழுதும் முறை

முதலில் விமான நிறுவனத்துக்கு. நேரே ஆணையத்துக்கு ஓடினால் "நிறுவனத்திடம் கேட்டீர்களா?" என்று திருப்பி அனுப்புவார்கள். நிறுவனத்தின் புகார்ப் படிவத்தில் நிரப்பி, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாட்பாட்டோடு பேசியதைப் புகார் என்று நினைக்க வேண்டாம், அது பெரும்பாலும் உங்களைச் சோர்ந்து போகச் செய்வதற்காக வைத்திருக்கும் பொம்மை. நிறுவனத்துக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் தீர்க்கவில்லை, அல்லது தீர்வு சரியில்லை என்றால் சி.ஏ.ஏ.எம்.-இன் பயனீட்டாளர் புகார்ப் பிரிவுக்கு. விதிமுறையை மீறிய நிறுவனத்துக்கு 200,000 வெள்ளி வரை தண்டம் போட முடியும், மறுபடியும் மீறினால் பத்து மடங்கு. அந்தத் தண்டம் உங்கள் பைக்கு வராது, ஆனாலும் ஆணையத்தின் கடிதம் போனதும் நிறுவனத்தின் குரல் எப்படி மென்மையாகிறது என்று பாருங்கள்.

கடிதத்தில் அழுகை வேண்டாம். பெரியப்பா எழுதுவது மாதிரி மூன்று பக்கம், கருணாநிதி வசனம் மாதிரி எதிர்க்கேள்விகள், எதுவும் வேண்டாம். பறந்த தேதி, விமான எண், முன்பதிவு எண், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டியது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, என்ன கேட்டீர்கள், யார் என்ன சொன்னார், உங்களுக்கு இப்போது என்ன வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் பலர் எழுதுவதில்லை. "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் "வருந்துகிறோம்" என்று பதில் வரும். "மூன்று பேருக்கான டிக்கெட் தொகை 1,260 வெள்ளியை நான் கட்டிய கார்டுக்கே திருப்பவும், இரவுச் சாப்பாடு 64 வெள்ளி, ரசீது இணைப்பு" என்று எழுதினால் ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ ஏஜெண்டிடம் டிக்கெட் எடுத்தவர்களுக்கு ஒன்று. பணம் திரும்பும்போது நிறுவனம் அதை ஏஜெண்டுக்கு அனுப்பும், உங்களுக்கு இல்லை. "இன்னும் வரவில்லை அண்ணே" என்று அவர் சொல்லும்போது, நிறுவனத்தையே நேரில் கேட்டு, எந்தத் தேதியில் பணம் போனது என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதியைக் காட்டியதும் பணம் மறுநாளே வந்த கதை எனக்குத் தெரியும். ஏஜெண்டு சுற்றுலா அமைச்சின் உரிமம் உள்ளவரா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள், உரிம எண் கடைச் சுவரில் தொங்க வேண்டும். அதோடு உங்கள் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் முன்பதிவில் போடச் சொல்லுங்கள். பல ஏஜெண்டுகள் தங்கள் எண்ணையே போட்டுவிடுவார்கள், விமான நேரம் மாறிய செய்தி அவர்களுடைய கைப்பேசிக்குப் போகும், நீங்கள் பழைய நேரத்துக்குப் பெட்டியோடு செப்பாங் விமான நிலையத்தில் நிற்பீர்கள்.